உயிருள்ள எலியை மட்டுமே தின்னும் பாம்பை உறைந்த இரைக்குப் பழக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓடும் எலியைத் தவிர வேறெதையும் தொடாத பாம்பை, ஃப்ரீசரில் வைத்து உருக்கிய எலியைத் தின்ன வைக்க முடியுமா என்று பாம்பு வளர்ப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். முடியும். என்னிடம் ஒரு பந்து மலைப்பாம்பு இருக்கிறது. பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க இனம் அது. மூன்று வயது வரை உயிருள்ள இரையை மட்டுமே தின்றது. அதை மாற்ற எனக்குப் பதினொரு வாரம் பிடித்தது. அப்போது செய்த தவறுகளிலிருந்தும், பிறகு மற்றவர்களின் பாம்புகளுக்கு உதவியதிலிருந்தும் கற்றவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். வீட்டில் வளர்க்கப்படும் மற்ற விஷமில்லாத பாம்புகளான சோளப்பாம்பு, கிங் ஸ்நேக், போவா ஆகியவற்றுக்கும் இவை பெரும்பாலும் பொருந்தும். வேறுபடும் இடங்களைக் குறிப்பிட்டிருக்கிறேன்.

உயிருள்ள இரையை நன்றாகத் தின்கிறதே, ஏன் மாற்ற வேண்டும்?

எலிக்குப் பல் இருக்கிறது என்பதால்தான். பாம்பு வளர்க்கத் தொடங்கிய புதிதில் ஒரு நாள் இரவு, சோளப்பாம்பின் பெட்டிக்குள் எலியை விட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். பாம்புக்கு அன்று பசியில்லை. சட்டை உரிக்கப் போகிற சமயம் அது என்பதை நான் கவனிக்கவில்லை. காலையில் பார்த்தபோது அதன் முதுகில் மூன்று இடங்களில் செதில் இல்லை. ஓரிடத்தில் சதை கடித்துத் தின்னப்பட்டு உள்ளே வெளுப்பாக ஏதோ தெரிந்தது. எலி தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது. பசியில்லாத பாம்பு எலியை இரையாகவும் பார்க்காது, எதிரியாகவும் பார்க்காது. ஒதுங்கப் பார்க்கும், அவ்வளவுதான். பசித்த எலியோ கிடைத்ததைக் கொறிக்கும். மருத்துவரிடம் கொண்டுபோய்ப் பிழைக்க வைத்தேன். பல முறை சட்டை உரித்த பிறகும் அந்தத் தழும்புகள் போகவில்லை.

பாம்பு பசியோடு இருந்தாலும் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. எலியின் நடு உடம்பைக் கவ்வினால் அதன் தலை வெளியே இருக்கும். இறுக்கத்தில் உயிர் போகும் முன்பே அது கண்ணையோ வாயோரத்தையோ கடித்துவிடும். ஒற்றைக் கண் போன பாம்புகளை நான் பார்த்திருக்கிறேன்.

எலியின் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். மூடிய பெட்டிக்குள் தப்ப வழியில்லாமல் அது படும் பாட்டைவிட, வலியில்லாத முறையில் விரைவாகக் கொல்லப்படுவது எவ்வளவோ மேல். இது எனக்குச் சின்ன விஷயமாகத் தோன்றியதே இல்லை.

ஏன் மறுக்கிறது? இது பிடிவாதமா?

பிடிவாதம் என்று எல்லோரும் சொல்கிறோம், ஆனால் அந்தச் சொல் நம்மைத் தவறான வழியில் கொண்டுபோகிறது. பாம்பு உங்களோடு மல்லுக்கு நிற்கவில்லை. முன்னால் கிடப்பது உணவு என்று அதற்குத் தெரியவில்லை.

பாம்பு மூன்று தடயங்களைச் சேர்த்துத்தான் இரையை அடையாளம் காண்கிறது: வாசனை, சூடு, அசைவு. நாக்கை நீட்டி இழுக்கும்போது காற்றிலும் தரையிலும் உள்ள வாசனைத் துகள்களை எடுத்து, மேல் வாயில் இருக்கும், வாசனையை அறியும் ஜேக்கப்சன் உறுப்புக்குக் கொண்டுபோகிறது. மலைப்பாம்புகளுக்கு உதட்டோரத்தில் வரிசையாகக் குழிகள் உண்டு. அவை வெப்பத்தை உணர்பவை. நரம்பு நுனியில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட புரதம்தான் இந்த உணர்வுக்குக் காரணம் என்று 2010-இல் கண்டறியப்பட்டது. ஓடும் எலியில் இந்த மூன்று தடயங்களும் இருக்கின்றன. ஃப்ரீசரிலிருந்து எடுத்து, அரைகுறையாக உருக்கி, சில்லென்று தரையில் போட்ட எலியில் சூடும் அசைவும் இல்லை, வாசனையும் குறைவு. ஆகவே நம் வேலை, இழந்த தடயங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுப்பது.

சோளப்பாம்புக்கும் கிங் ஸ்நேக்குக்கும் வெப்பக் குழிகள் கிடையாது; அவை வாசனையையே அதிகம் நம்புகின்றன. அதனால் அவற்றை மாற்றுவது பொதுவாக எளிது. பந்து மலைப்பாம்புதான் வளர்ப்பவர்களின் பொறுமையைச் சோதிக்கிறது.

முயற்சியைத் தொடங்கும் முன் எதைச் சரிபார்க்க வேண்டும்?

முதலில் பெட்டி. இரை எவ்வளவு நன்றாக இருந்தாலும், குளிரில் இருக்கும் பாம்பு தின்னாது, தின்றாலும் செரிக்காது. பந்து மலைப்பாம்புக்குப் பெட்டியின் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸும், குளிர்ந்த பக்கம் 24 முதல் 27 டிகிரியும் இருக்க வேண்டும். சோளப்பாம்புக்கு இதைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருந்தால் போதும். சூடாக்கும் கருவியைக் கட்டாயம் தெர்மோஸ்டாட்டோடு, அதாவது வெப்பத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் கருவியோடு இணையுங்கள். இரண்டு பக்கமும் உடல் இறுக்கமாகப் பொருந்தும் பதுங்கிடம் ஒவ்வொன்று வேண்டும். வெட்டவெளியில் இருப்பதாக உணரும் பாம்பு முதலில் நிறுத்துவது சாப்பாட்டைத்தான்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகாத பாம்பிடம் இந்த முயற்சி வேண்டாம். கண் பால் பூத்ததுபோல் மங்கியிருந்தால் சட்டை உரிக்கும் வரை பொறுங்கள். வாயோரத்தில் சளி, மூச்சு விடும்போது சத்தம், உடலில் உண்ணி ஆகியவை தெரிந்தால் இரையைப் பற்றி யோசிக்க வேண்டாம், மருத்துவரிடம் போங்கள்.

அடுத்தது எடை. சமையலறைத் தராசு போன்ற ஒன்றில் இன்றைய எடையை எடுத்து, தேதியோடு எழுதி வையுங்கள். பின்னால் வரப்போகும் கவலை நிறைந்த வாரங்களில் உங்களுக்கு நிதானம் தரப்போவது இந்த எண்தான். என் முதல் தவறே இதை எழுதாமல் விட்டது. மூன்றாவது வாரத்தில் பாம்பு மெலிந்துவிட்டதாகக் கண்ணுக்குத் தோன்றியது, பயந்துபோய் உயிருள்ள எலியைக் கொடுத்துவிட்டேன். உண்மையில் மெலிந்ததா என்பது இன்றுவரை தெரியாது.

எலியை எப்படி உருக்குவது? எவ்வளவு சூடு வேண்டும்?

தோல்விகளில் பெரும்பாலானவை இங்கேதான் நடக்கின்றன, அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

முந்தைய நாள் இரவே எலியை மூடிய பையில் போட்டு, ஃப்ரீசரிலிருந்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். காலையில் அது உள்வரை உருகியிருக்கும். பெரிய எலியானால் ஒரு முழு நாள்கூட ஆகலாம். வயிற்றை விரலால் அழுத்திப் பாருங்கள். நடுவில் கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் இன்னும் உருகவில்லை. உள்ளே பனிக்கட்டியோடு விழுங்கினால் பாம்பு கக்கிவிடும்.

கொடுப்பதற்கு முன் அதே பையோடு, கை பொறுக்கும் அளவுக்குச் சூடான தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள். கொதிக்கும் தண்ணீர் கூடவே கூடாது. தோல் வெந்துபோகும், வயிறு வெடிக்கும், வாசனையே மாறிவிடும். எலி நனையக் கூடாது என்பதற்காகத்தான் பை. நனைந்த எலி சீக்கிரம் குளிர்ந்துவிடும், வாசனையும் மங்கும். நனைந்துவிட்டால் துணியால் துடைத்து, ஹேர் டிரையரால் ரோமத்தை உலர்த்துங்கள்.

உயிருள்ள எலியின் உடல் சூடு ஏறக்குறைய 37 டிகிரி. நீங்கள் கொடுக்கும் எலியின் மேல்தோல் 38 முதல் 40 டிகிரி வரை இருக்கட்டும். பெட்டி வரை கொண்டுபோவதற்குள் ஒன்றிரண்டு டிகிரி இறங்கிவிடும். தூரத்திலிருந்தே வெப்பம் பார்க்கும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நான் விரலால் தொட்டுப் பார்த்துச் சரி என்று நினைத்த எலிகள் பலவும், வெப்பமானியில் பார்த்தபோது 29, 30 டிகிரியில்தான் இருந்தன. மலைப்பாம்புக்கு அது சுற்றியுள்ள தரையைப் போலவே தெரியும். தலைப் பகுதி உடலைவிடச் சற்றே கூடுதல் சூடாக இருப்பது நல்லது, ஏனென்றால் பாம்பு குறி வைக்க வேண்டிய இடம் அதுதான். கடைசி நிமிடத்தில் தலையை மட்டும் ஹேர் டிரையரின் முன் காட்டுங்கள்.

மைக்ரோவேவில் சூடாக்கலாமா?

கூடாது. ஓரிடம் வெந்து, இன்னோரிடம் உறைந்தே இருக்கும்.

எந்த அளவு எலி?

பாம்பு உடலின் மிகப் பருத்த இடத்தின் பருமனே எலியின் பருமன். மாற்றும் காலத்தில் அதைவிட ஒரு படி சிறியதைக் கொடுங்கள். தயங்கும் பாம்பைச் சிறிய இரை அச்சுறுத்தாது.

பாம்பிடம் அதை எப்படிக் காட்டுவது?

மாலை இருட்டிய பிறகு, அறை விளக்கை அணைத்துவிட்டு, எங்கோ பக்கத்திலிருந்து வரும் மங்கலான வெளிச்சத்தில் கொடுங்கள். இரண்டு நாட்களுக்கு முன்பிருந்தே பாம்பைக் கையில் எடுக்க வேண்டாம். குறைந்தது 30 சென்டிமீட்டர் நீள இடுக்கி வேண்டும். கையால் கொடுத்தால் எலியைவிட உங்கள் விரல்தான் சூடாக இருக்கும்.

எலியின் தோள் எலும்புக்குப் பின்னால் இடுக்கியால் பிடியுங்கள், தலை முன்னோக்கி இருக்கட்டும். பாம்பின் முகத்துக்கு நேராகக் கொண்டுபோய் ஆட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. எந்த எலியும் பாம்பின் வாயைத் தேடிப் போவதில்லை. பக்கவாட்டில், ஒரு சாண் தள்ளி, தரையோடு தரையாக இரண்டு அங்குலம் நகர்த்தி நிறுத்துங்கள். மறுபடி கொஞ்சம் நகர்த்தி நிறுத்துங்கள். பாம்பை விட்டு விலகிப் போவதுபோல் இருந்தால் இன்னும் நல்லது.

இப்போது நாக்கைக் கவனியுங்கள். வேகமாகச் சுழன்று வந்த நாக்கு, இரையின் சூடு தட்டியதும் மெதுவாகி, நீண்டு, ஒரே திசையில் வரத் தொடங்கும். கழுத்து பின்னால் இழுத்து வளையும். இந்த நேரத்தில் நீங்கள் மூச்சுகூடப் பலமாக விட வேண்டாம்.

பதினொன்றாவது வாரம் என் பாம்பு அந்த நிலையில் நான்கு நிமிடம் இருந்தது. பதுங்கிடத்தின் வாசலில் தலை மட்டும் தெரிந்தது. எலியின் தலை குளிர்ந்துகொண்டிருக்கிறதே என்று எனக்குப் பதற்றம், ஆனாலும் நகரவில்லை. பிறகு இடுக்கியில் ஒரு வெட்டு வெட்டியது. கண் இமைப்பதற்குள் எலியைச் சுற்றி இரண்டு வளையம். உடனே விடாமல், இடுக்கியால் மிக மெல்ல ஓரிரு முறை இழுத்தேன். இரை துடிக்கிறது என்று தோன்றினால் பாம்பு இறுக்கத்தைக் கூட்டும், விடாது. பிறகு இடுக்கியை நழுவவிட்டு, பெட்டியை மூடாமலேயே பின்வாங்கி, தரையில் உட்கார்ந்தபடி அது தலையிலிருந்து விழுங்கத் தொடங்கும் வரை காத்திருந்தேன். இருபது நிமிடம் ஆனது.

இடுக்கியைப் பார்த்தாலே சுருண்டுகொள்கிறது. என்ன செய்வது?

அந்தப் பாம்புக்கு ஆட்டிக் காட்டுவது ஒத்துவராது. சூடாக்கிய எலியைப் பதுங்கிடத்தின் வாசலில், தலை உள்ளே பார்க்கும்படி வைத்துவிட்டு, பெட்டியைத் துணியால் மூடி, விடியும் வரை அந்தப் பக்கமே போகாதீர்கள். இரவில் யாரும் பார்க்காதபோது தின்னும் பாம்புகள் நிறைய. பெட்டியைப் பாதி இரவில் திறந்து பார்ப்பதால் கெட்டுப்போன முயற்சிகளும் நிறைய. காலையில் அப்படியே கிடந்தால் எடுத்து எறிந்துவிடுங்கள். மறுபடி உறைய வைக்கக் கூடாது.

வாசனை ஏற்றுவது என்கிறார்களே, அது என்ன?

உறைந்து உருகிய எலியில் வாசனை குறைந்துவிடுகிறது. அதைக் கூட்டப் பல வழிகள் உண்டு. எளியது, உயிருள்ள எலிகள் படுத்திருந்த மரத்தூளை ஒரு பிடி எடுத்து, உருக்கிய எலியோடு ஒரே பையில் போட்டு வைப்பது. பாம்பு இதுவரை சுண்டெலி தின்று வந்திருந்தால் சுண்டெலியின் மரத்தூள், பெரிய இன எலி தின்று வந்திருந்தால் அந்த எலியினுடையது. இந்த வேறுபாடு முக்கியம். பந்து மலைப்பாம்பு ஒரே வகை இரையில் ஊன்றிவிடும் இயல்புடையது. வெள்ளை நிற எலி தின்று பழகியது பழுப்பு எலியைத் தொடாததையும் பார்த்திருக்கிறேன். ஆகவே ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம் வேண்டாம். முதலில் அதே வகை, அதே நிற எலியை உறைந்த வடிவில் தின்னட்டும்.

இன்னொரு வழி, எலியின் மண்டையில் கூரிய முனையால் சிறு துளையிட்டு, மூளைத் திரவம் மூக்கருகில் லேசாகத் தெரியும்படி செய்வது. கேட்கவே சங்கடமாக இருக்கும். நானும் ஒன்பதாவது வாரம் வரை தள்ளிப்போட்டேன். ஆனால் மற்ற எல்லாம் தோற்ற இடத்தில் இது பலிப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

சோளப்பாம்பு, கிங் ஸ்நேக் குட்டிகள் இயற்கையில் பல்லி, ஓணான் போன்றவற்றைத் தின்பவை. ஆகவே பல்லி உரித்த தோலை எலிக்குட்டியின் மேல் தேய்த்தால் அவற்றுக்குப் பசி வந்துவிடும். இயற்கையில் தேரையை விரும்பித் தின்னும் பன்றிமூக்குப் பாம்புக் குட்டிகளுக்கு, டின்னில் வரும் சூரை மீனின் தண்ணீரைத் தடவுவார்கள். கோழிக்குஞ்சின் இறகில் புரட்டிய எலியை ஏற்கும் பாம்புகளும் உண்டு. ஏற்றிய வாசனையை ஒவ்வொரு வேளையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிட வேண்டும்.

ஒரேயடியாக மாறாமல் படிப்படியாக மாற்றலாமா?

என் அனுபவத்தில் அடம்பிடிக்கும் பாம்புக்கு இதுவே நல்ல வழி. முதல் படி, அப்போதுதான் கொல்லப்பட்ட எலி. சூடு அதில் இயல்பாகவே இருக்கும், வாசனையும் குறையாது. அசைவு மட்டும்தான் இல்லை, அதை இடுக்கி கொடுத்துவிடும். இரண்டு மூன்று வேளை இப்படித் தின்ற பிறகு, கொன்று ஃபிரிட்ஜில் வைத்துச் சூடாக்கிய எலி. அதற்குப் பிறகு உறைந்தது. எலியைக் கொல்லும் முறையை அனுபவமுள்ளவரிடமோ கால்நடை மருத்துவரிடமோ கற்றுக்கொள்ளாமல் நீங்களாக இறங்க வேண்டாம். முடிந்தவரை, கொன்று தருபவரிடமே வாங்குங்கள். உயிரோடு ஃப்ரீசரில் வைப்பது கொடுமை, அதை யாரும் செய்யக் கூடாது.

எத்தனை நாள் பட்டினி இருக்கலாம்? எனக்குப் பயமாக இருக்கிறது.

இந்தப் பயம் எனக்கு நன்றாகவே தெரியும். வளர்ந்த, சதைப்பற்றுள்ள பந்து மலைப்பாம்பு பல மாதங்கள் தின்னாமல் இருக்கக் கூடியது. இனப்பெருக்கக் காலத்தில் உயிருள்ள எலியைக்கூடத் திரும்பிப் பார்க்காது. தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும், அது மட்டும் விட்டுப்போகக் கூடாது. வாரம் ஒருமுறை எடை பாருங்கள். நீங்கள் எழுதி வைத்த எடையில் பத்து சதவீதம் குறைந்தாலோ, முதுகெலும்பு கூரை முகடுபோல் துருத்தினாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதற்குள் அவசரம் ஏதுமில்லை.

குட்டிப் பாம்புகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. அவற்றின் உடலில் சேமிப்பு குறைவு. மூன்று நான்கு வாரம் தின்னாத குட்டியோடு பிடிவாதம் வேண்டாம். அது எதைத் தின்கிறதோ அதைக் கொடுத்து, நான்கைந்து வேளை உடம்பு தேறிய பிறகு முயலுங்கள்.

வளர்ந்த பாம்புக்கு ஒரு முயற்சி தோற்றால் அடுத்ததற்கு 7 முதல் 10 நாள் இடைவெளி விடுங்கள். தினமும் எலியை நீட்டினால் அதற்கு எலி என்றாலே தொல்லை என்று ஆகிவிடும்.

நடுவில் ஒருமுறை உயிருள்ள எலி கொடுத்துவிட்டு மறுபடி தொடரலாமா?

ஆரோக்கியமான வளர்ந்த பாம்பென்றால் வேண்டாம். இந்த வேலையில் நமக்குத் துணை பசிதான். மூன்று வாரமாகச் சேர்த்த பசியை ஒரே எலியில் தீர்த்துவிட்டால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நான் மூன்றாவது வாரம் செய்த அந்தத் தவறு இல்லாவிட்டால், ஏழெட்டு வாரத்தில் என் பாம்பு மாறியிருக்கும் என்றே நம்புகிறேன்.

கவ்வுகிறது, இறுக்குகிறது, பிறகு விட்டுவிட்டுப் போய்விடுகிறது.

இது தோல்வி இல்லை, பாதி வழி வந்தாயிற்று. பெரும்பாலும் இறுக்கிய பின் இரை துடிக்காததும், வேகமாகக் குளிர்ந்ததும்தான் காரணம். மேலே சொன்னதுபோல் மெல்ல இழுத்துவிடுங்கள். நீங்கள் எழுந்து நடப்பதாலும் விட்டுவிடும். விட்டதை அங்கேயே வைத்துவிட்டு வெளியேறுங்கள், பல பாம்புகள் திரும்பி வந்து எடுத்துக்கொள்ளும்.

தின்றது, ஆனால் இரண்டு நாளில் கக்கிவிட்டது.

உள்ளே உறைந்திருந்தது, இரை பெரிது, பெட்டி குளிர், தின்றவுடன் கையில் எடுத்தது. இந்த நான்கில் ஒன்று. மலைப்பாம்பு பெரிய இரையை விழுங்கியதும் அதன் உடம்பே மாறுகிறது. பர்மிய மலைப்பாம்பின் சிறுகுடல் எடை ஓரிரு நாளில் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. அவ்வளவு உழைப்பு உள்ளே நடக்கும்போது குறைந்தது 48 மணி நேரம் தொடாதீர்கள். கக்கிய பாம்புக்கு இரண்டு வாரம் ஓய்வு கொடுத்து, பிறகு வழக்கமான அளவில் பாதி இரையைக் கொடுங்கள். இரண்டாம் முறையும் கக்கினால் மருத்துவர்.

வாயைத் திறந்து ஊட்டிவிடலாமா?

வேண்டாம். பல் உடையும், உணவுக்குழாய் கிழியும், உங்களைக் கண்டாலே அஞ்சும். அது மருத்துவர் கையில் இருக்க வேண்டிய கடைசி வழி.

வீட்டு ஃபிரிட்ஜில் எலி வைப்பது சுத்தமா?

உறைய வைப்பது ஒட்டுண்ணிகள் பலவற்றைக் கொல்லும். ஆனால் சால்மோனெல்லா கிருமியைக் கொல்லாது. 2010-இல் அமெரிக்காவில் உறைந்த தீவன எலிகள் வழியாகவே மனிதர்களுக்கு சால்மோனெல்லா பரவியது. ஆகவே இரட்டைப் பையில் கட்டி, மூடியுள்ள தனிப் பெட்டியில் வையுங்கள். முடிந்தால் தனிச் சிறு ஃப்ரீசரே நல்லது. உருக்கும் பாத்திரம், இடுக்கி எதுவும் சமையலுக்குப் போகக் கூடாது, சமையலறைத் தொட்டியில் கழுவவும் கூடாது. சோப்பால் கை கழுவுங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் இந்த வேலையில் பக்கத்தில் வேண்டாம். மைனஸ் 18 டிகிரியில் வைத்த எலியை ஆறு மாதத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள். நாள் கூடக் கூட ஈரமும் வைட்டமின்களும் குறையும்.

ஒருமுறை உறைந்த எலியைத் தின்றுவிட்டது. அடுத்து?

அடுத்த வேளை அதே நேரம், அதே இடம், அதே சூடு, அதே இடுக்கி. எதையும் மாற்றாதீர்கள். தொடர்ந்து ஐந்து வேளை தின்றால் பழகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அதன் பிறகு முதலில் வாசனை ஏற்றுவதை நிறுத்துங்கள், அடுத்து எலியின் அளவை வழக்கத்துக்குக் கொண்டுவாருங்கள், கடைசியாகத்தான் எலியின் வகையை மாற்ற நினையுங்கள். சூடாக்குவதை மட்டும் என்றைக்கும் விட வேண்டாம். என் பாம்பு மாறி நான்கு வருடம் ஆகிறது. இப்போது அறையில் ஹேர் டிரையர் சத்தம் கேட்டாலே பதுங்கிடத்தின் வாசலுக்குத் தலை வந்துவிடுகிறது.